கமராவுக்குப் பின்னால் நிற்கும் எங்கள் தோழி

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் 1995 சாதாரண தர வகுப்பினர் சார்பில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



உங்கள் கையிலுள்ள நிகழ்ச்சி நிரலில் இந்த நேரத்துக்கு எதிரே இருப்பது எங்களுடைய பெயர் அல்ல. லண்டனில் 20 வருடங்களுக்கு மேலாக விவரணப்படங்களுக்குக் கமரா பிடிக்கும் எங்கள் வகுப்புத் தோழிதான் இன்று பேசுவதாக இருந்தது. விமானச் சீட்டும் எடுத்துவிட்டாள். புறப்பட மூன்று நாள் இருக்கும்போது ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஸ்கொட்லாந்தின் வடக்கே ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் ஐந்து நாள் படப்பிடிப்பு, போட்டிருந்த ஒளிப்பதிவாளருக்குத் திடீரென்று சுகமில்லை, வரமுடியுமா? முடியும் என்று சொல்லிவிட்டாள். சீட்டுக் காசு திரும்பக் கிடைக்காது. எங்களில் சிலருக்குக் கோபம்தான். அதை மறைக்காமல் அவளிடமே கேட்டோம். அவள் சொன்னது இது: "நான் மாட்டன் எண்டு சொன்னால் அவையள் கோவிக்க மாட்டினம். வேற ஒராளைக் கூப்பிடுவினம். அடுத்த முறையும் அந்த ஆளைத்தான் கூப்பிடுவினம்."

சுயாதீன ஒளிப்பதிவாளர் ஒருவரின் தொழில் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று அவள் இங்கே வந்து ஒரு மணித்தியாலம் பேசியிருந்தாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டாள். ஆகவே அவளுக்குப் பதிலாக நாங்கள் வந்திருக்கிறோம். எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியத் துறைக்குப் போன மூன்று பேர் சேர்ந்து இந்த உரையை எழுதினோம். வாசிப்பது ஒருவர் என்றாலும் பேசுவது மூவரும்தான்.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் உரையில் அவளுடைய உடல்நிலை பற்றிய செய்தியும் வருகிறது. நோயாளியைப் பற்றி மேடையில் பேசுவது எங்கள் தொழிலில் பெருங்குற்றம். அவள் எழுத்தில் அனுமதி தந்திருக்கிறாள். உரையை முன்கூட்டியே அனுப்பும்படி கேட்டாள், அனுப்பினோம், ஒரு பந்தியை முழுவதுமாக வெட்டித் திருப்பி அனுப்பினாள். அந்தப் பந்தி இங்கே இல்லை. இரண்டாவது நிபந்தனை, மலரில் உரையை அச்சிடும்போது அவளுடைய பெயர் வரக்கூடாது. "என்ர தயாரிப்பாளர்மாருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் பெயரைத் தேடிப் பாக்கத் தெரியும்" என்றாள். மண்டபத்தில் இருக்கும் அரைவாசிப் பேருக்கு அவள் யாரென்று தெரியும். அது பரவாயில்லையாம்.

எங்கள் காலத்து மாணவியரை இன்றைய மாணவியர் கற்பனை செய்வது கடினம். 1990 இல் மின்சாரம் போனது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் சின்னப் பற்றரியைக்கூட யாரும் எறிவதில்லை. வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓடுமா என்று பார்ப்போம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். எங்கள் தோழி வீட்டில் சுற்றுவது அவளுடைய வேலை. இன்று அவள் ஒரு படப்பிடிப்புக்குப் போகும்போது பத்துப் பன்னிரண்டு பெரிய பற்றரிகள் கொண்டு போகிறாள். விமானத்தில் உதிரியாகக் கொண்டுபோகும் லித்தியம் பற்றரிகளைப் பொதிகளோடு அனுப்பக்கூடாது, கைப்பையில்தான் வைத்திருக்க வேண்டும். 100 வாற்-மணிக்கு உட்பட்டதாக இருந்தால் தொந்தரவு குறைவு. அதனாலேயே கமராப் பற்றரிகள் பலவற்றை 98 வாற்-மணி என்று கணக்காகச் செய்கிறார்கள். ஒவ்வொன்றின் முனையிலும் ரேப் ஒட்டி, விமான நிலைய அதிகாரிக்கு முன்னால் வரிசையாக எடுத்து வைக்கும்போது ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதைக்கிறது என்கிறாள். அந்தப் பதைப்பு எங்கிருந்து வந்தது என்று அந்த அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

1995 ஒக்ரோபர் 30 இரவு எங்கள் வகுப்பு முழுவதும் தெருவில் நின்றது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நாங்கள் தென்மராட்சி நோக்கி மழையில் நடந்தோம். அந்த இரவைப் பற்றி இந்த மண்டபத்தில் நாங்கள் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் அண்மையில் ஒரு கேள்வி கேட்டாள். அன்றிரவு நாவற்குழிப் பாலத்தடியில், தம்பியைச் சைக்கிள் பாரில் இருத்தித் தள்ளிக்கொண்டு போன தன்னுடைய முகத்துக்கு முன்னால் யாராவது ஒருவர் கமராவை நீட்டியிருந்தால், தான் அவரை வெறுத்திருப்பாளா, அல்லது இவ்வளவு காலம் கழித்து நன்றி சொல்லியிருப்பாளா? தெரியவில்லை என்கிறாள். முன்பின் தெரியாத ஒருவரின் துயரத்துக்கு முன்னால் கமராவைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வி வருகிறதாம்.

லண்டனுக்குப் போனபின் முதல் சில வருடம் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, பகலில் கல்லூரி. வார இறுதியில் எங்கள் ஆட்களின் கல்யாணவீடு, சாமத்தியவீடு வீடியோ எடுக்கும் ஒருவரோடு போனாள். முதலில் விளக்குப் பிடித்தாள். பிறகு இரண்டாவது கமரா. "பொம்பிளைப் பிள்ளை கமராவைத் தூக்கிக்கொண்டு மேடையில ஏறுறதோ" என்று கேட்ட மாமிமாரும் இருந்தார்கள். பொம்பிளைப் பிள்ளை என்பதால் அலங்கார அறைக்குள் கூப்பிட்டவர்களும் அவர்கள்தான். எட்டு மணித்தியாலம் கையில் கமராவோடு நிற்கவும், ஒருவரும் திரும்பிப் பார்க்காதபடி சுவரோடு ஒட்டி நகரவும் அங்கேதான் பழகினேன் என்கிறாள். விவரணப்பட உலகத்தில் அதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்களாம். சிரிக்கட்டும். அதன் பின் ஒரு கம்பனியில் தேநீர் ஊற்றி, பெட்டி சுமந்து, கமரா உதவியாளராகி, ஒருநாள் மூத்த ஒளிப்பதிவாளர் வராதபோது கமராவைக் கையில் எடுத்தாள். இன்று அவள் ஸ்கொட்லாந்துக்குப் போனதும் அப்படி வராத ஒருவரின் இடத்துக்குத்தான்.

சுயாதீனம் என்ற சொல் கேட்க அழகாக இருக்கிறது. நாங்களும் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறோம்: மேலதிகாரி இல்லை, கையொப்பப் புத்தகம் இல்லை, நினைத்த நாடெல்லாம் போகிறாள். அவள் எங்களுக்குப் 'பென்சில்' முறையை விளக்கிய பிறகு அந்தப் பொறாமை போய்விட்டது. தயாரிப்பாளர் ஒருவர் கூப்பிட்டு, 12 முதல் 16 வரை உன்னைப் பென்சிலால் குறித்து வைக்கட்டுமா என்று கேட்பார். சரியென்றால் அந்த நாட்களை அவள் அவருக்காக ஒதுக்கிவைக்க வேண்டும். வேலை உறுதியாகவில்லை, காசும் இல்லை. அதே நாட்களுக்கு இன்னொருவர் கேட்டால் அவருக்கு இரண்டாவது பென்சில். முதலாமவர் கடைசி நேரத்தில், படம் தள்ளிப்போய்விட்டது, மன்னிக்கவும் என்பார். அதற்குள் இரண்டாமவர் வேறு ஆளைப் பிடித்திருப்பார். ஐந்து நாளும் வீட்டில். இப்படி ஒரு மாதத்தில் மூன்று முறை நடந்த காலமும் உண்டு. வைத்தியசாலையில் நாங்கள் இரவு அழைப்புக் கடமையில் இருக்கும்போது ஒரு நோயாளியும் வராவிட்டால் அதிர்ஷ்டம் என்று படுத்துவிடுவோம். சம்பளத்தில் அது தெரியாது. அவளுக்கு அப்படியல்ல.

வேலை முடிந்த பிறகும் காசு உடனே வராது. பில் அனுப்பி 30 நாள் என்பார்கள், அது 60 ஆகும். கமராவும் லென்ஸும் அவளுடைய கடனில் வாங்கியவை, காப்புறுதி அவளுடைய செலவு. நான்கைந்து வருடத்தில் அந்தக் கமரா பழசாகிவிடும்; தொலைக்காட்சி நிலையம் கேட்பது புதிய மொடலை. சுகவீன விடுமுறை இல்லை. எங்களுக்கு இருப்பதுபோல ஓய்வூதியம் இல்லை. கொவிட் காலத்தில் பிரித்தானிய அரசாங்கம் சுயதொழில் செய்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தபோது, வருடத்தில் சில மாதம் சம்பளப் பட்டியலிலும் மிகுதி மாதங்கள் பில்லிலும் வேலை செய்த இவளைப் போன்ற பலர் இரண்டு பக்கத்துக்கும் இல்லாமல் இடையில் விழுந்தார்கள். அந்த வருடம் அவள் பல்பொருள் அங்காடியில் தட்டு அடுக்கினாள். இதை எங்களுக்குச் சொன்னது இரண்டு வருடம் கழித்து.

படப்பிடிப்பு நாள் எப்படி இருக்கும்? நாங்கள் ஒருமுறை பார்த்தோம். வடலண்டனில் ஒரு வயோதிபர் இல்லம். காலை ஆறு மணிக்கு இறங்கினாள். முதல் ஒரு மணித்தியாலம் கமராவை வெளியே எடுக்கவே இல்லை. ஒவ்வொரு கதிரையாகப் போய்க் குனிந்து, தான் யார், என்ன செய்யப்போகிறாள் என்று சொன்னாள். வேண்டாம் என்ற இருவரின் கதிரைகள் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டாள். பிறகு கமராவை எடுத்தவள் மத்தியானம் வரை கீழே வைத்ததை நாங்கள் காணவில்லை. ஒரு காதில் மைக் சத்தம் கேட்கும் கருவி. கண்ணைவிடக் காதுதான் முக்கியம் என்கிறாள். அடுத்து யார் பேசப்போகிறார் என்பது குரல் வருமுன் மூச்சில் தெரியுமாம், அதற்குள் கமரா அங்கே திரும்பியிருக்க வேண்டும். ஒருவர் நடந்து வரும்போது அவருக்கு முன்னால் பின்புறமாக நடக்கிறாள். ஒலிப்பதிவாளர் அவளுடைய இடுப்புப் பட்டியைப் பிடித்துக் கதவு, படி, மேசை என்று வழிகாட்டுகிறார். பேசி முடிந்தாலும் கமராவை நிறுத்துவதில்லை. இன்னும் பத்துச் செக்கன். அந்தப் பத்துச் செக்கனில்தான் முகம் உண்மையைச் சொல்லுமாம். பிறகு கை, கடிகாரம், யன்னல், ஆறிப்போன தேநீர் என்று துண்டு துண்டாக எடுக்கிறாள். அவை இல்லாவிட்டால் படத்தொகுப்பாளர் அவளைச் சபிப்பார். யாரையும் திரும்பச் செய்து காட்டும்படி கேட்பதில்லை. தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

இரவு ஒன்பதுக்கு அறைக்கு வந்தால் தூக்கம் இல்லை. அன்றைய பதிவுகளை இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் பிரதி எடுக்க வேண்டும்; இரண்டும் சரியென்று பார்க்கும்வரை மெமரி கார்டை அழிக்கக்கூடாது. எல்லாப் பற்றரியையும் மின்னேற்ற வேண்டும். அவள் ஒரு மணிக்குப் படுத்தாள். ஐந்துக்கு எழும்பினாள்.

இனி அவளுடைய தோளுக்கு வருகிறோம்.

போன வருடம் லண்டனில் எங்கள் வகுப்பு ஒன்றுகூடியபோது, இடியப்பத் தட்டை எடுக்க வலது கையை நீட்டியவள் பாதியில் நிறுத்தி இடது கையால் எடுத்தாள். மூன்று வைத்தியர்கள் ஒரே மேசையில் இருந்தால் இப்படியானவை தப்பாது. சாப்பாடு முடிந்ததும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பரிசோதித்தோம். கை பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு வருமுன் முகம் சுருங்கியது. இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது. எவ்வளவு காலம் என்று கேட்டோம். ஒன்றரை வருடம். ஒன்றரை வருடமாக மாத்திரை விழுங்கிக்கொண்டு கமரா தூக்கியிருக்கிறாள்.

தோள் மூட்டைச் சுற்றி நான்கு தசைகளின் நாண்கள் பிடித்திருக்கின்றன. அதில் மேலே இருக்கும் நாண், கையை உயர்த்தி வைத்தபடி வேலை செய்பவர்களுக்குத் தேய்ந்து கிழியக்கூடியது. சுவருக்குப் பூச்சுப் பூசுபவர்கள், பெயின்ற் அடிப்பவர்கள் எங்களிடம் இதற்காக வருகிறார்கள். கமரா சின்னதாகிவிட்டதே, பாரம் குறைந்திருக்குமே என்று நாங்கள் நினைத்தோம். அவள் சிரித்தாள். அவள் தொடங்கிய காலத்துக் கமரா லென்ஸோடும் பற்றரியோடும் ஏழு கிலோவுக்குக் குறையாது. ஆனால் அது தோளின் மேல் உட்கார்ந்திருந்தது. இப்போதையது தனியே ஒரு கிலோதான். லென்ஸ், பற்றரி, திரை, ஒலிவாங்கி எல்லாம் பூட்டியபின் நான்கைந்து கிலோ. அதை நெஞ்சுக்கு முன்னால் கைகளால் ஏந்திப் பிடிக்க வேண்டும். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தோளில் வைத்து நடப்பதும், அதையே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பதும் ஒன்றா என்று வீட்டில் செய்து பாருங்கள். இன்னொன்றும் சொன்னாள். 16 மில்லிமீற்றர் பிலிம் காலத்தில் ஒரு சுருள் 400 அடி; 11 நிமிடம்தான் ஓடும். அதன்பின் மாற்றியாக வேண்டும், கைக்கு ஓய்வு. இப்போது ஒரு கார்டில் மணித்தியாலக் கணக்காகப் பதிவாகும். இயக்குநர் நிறுத்து என்று சொல்வதில்லை.

இந்த வலி புதியதும் அல்ல. சுவீடனில் முதுகு நோவால் அவதிப்பட்ட ஒரு கமராக்காரர்தான் 1990களில் 'ஈசிரிக்' என்ற சாதனத்தைச் செய்தார். முதுகுக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக வரும் ஒரு தடியிலிருந்து கமரா தொங்கும். பாரம் தோளிலிருந்து இடுப்புக்குப் போகும். அவளிடம் அது இருக்கிறது. ஆனால் பிரசவ அறையிலோ, மரணப் படுக்கைக்குப் பக்கத்திலோ, ஒரு சின்னச் சமையலறையிலோ அதை மாட்டிக்கொண்டு போனால் யந்திர மனிதன் வந்ததுபோல் இருக்கும். அதனால் கழற்றி வைத்துவிடுகிறாள்.

எம்.ஆர்.ஐ. எடுத்தோம். நாண் கிழிந்திருந்தது. உடனே ஆறு கிழமை ஓய்வு என்றோம். "ஆறு கிழமையோ? ஆறு கிழமை என்னைக் காணேல்லை எண்டால் என்ர நம்பரையே அழிச்சுப் போடுவினம்" என்றாள். யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினாள். தோள் பழுது என்ற கதை பரவினால் பிறகு பென்சிலாலும் குறிக்கமாட்டார்கள். ஒன்பதாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள். நோயாளி சொல்வழி கேட்கவில்லை என்று குறிப்பு எழுதிவிட்டுப் போவது எங்களுக்குப் பழக்கம். இவளுடைய விடயத்தில் அந்த வசனத்தை எழுத எங்களுக்குக் கை வரவில்லை.

ஆனால் அவள் எதற்கும் மாட்டேன் என்று சொல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை சொன்னாள். அதை நாங்கள் சொல்லியே ஆகவேண்டும்.

இங்கிலாந்தில் ஒரு சிறுவர் வைத்தியசாலை பற்றிய தொடர். ஒரு தாய் காலையில் அனுமதிப் படிவத்தில் கையெழுத்து வைத்தார். பிள்ளைக்கு ஆபத்து இல்லை என்று எல்லோரும் நினைத்த நேரம் அது. மாலையில் பிள்ளை இறந்துவிட்டது. எங்கள் தோழி அறைக்கு வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, ஒரு நிமிடம் வரை எடுத்தாள். பிறகு கமராவை இறக்கிவிட்டாள். அடுத்த நாள் அந்தத் தாய் அவளிடம் வந்து, அதை யாரும் பார்க்கக்கூடாது என்றார். எடுத்த படம் எடுத்தவளுடையது அல்ல, கம்பனியுடையது. கையெழுத்து இருக்கிறது, சட்டப்படி பிழையில்லை, மிகவும் வலிமையான காட்சி என்றார்கள். இவள் விடவில்லை. காலையில் வைத்த கையெழுத்து மாலைக்குச் செல்லாது என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாதாடினாள். கடைசியில் அந்தக் காட்சி இல்லாமலே தொடர் ஒளிபரப்பானது. அந்தக் கம்பனி அவளைத் திட்டவில்லை, வழக்குப் போடவில்லை. அதற்குப் பிறகு கூப்பிடவும் இல்லை. அது அவளுடைய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு.

நாங்கள் தினமும் கையெழுத்து வாங்குபவர்கள். சத்திர சிகிச்சைக்கு, மயக்க மருந்துக்கு, இரத்தம் ஏற்றுவதற்கு. பயத்திலிருப்பவர் எங்கே விரலை வைக்கச் சொன்னாலும் வைப்பார் என்று எங்களுக்குத் தெரியும். படிவம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கிறோம். அவள் அந்தக் கதையைச் சொன்ன இரவு எங்கள் மூவருக்கும் வேறு வேறு கட்டில்கள் நினைவுக்கு வந்தன.

அன்றுதான் அவள் எங்களுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினாள். கேர்ஸ்ரன் ஜோன்சன் என்ற அமெரிக்கப் பெண் ஒளிப்பதிவாளர் 2016 இல் வெளியிட்ட 'கமராபேர்சன்'. ஏறத்தாழ 25 வருடம் மற்ற இயக்குநர்களின் படங்களுக்காகத் தான் எடுத்த காட்சிகளிலிருந்து துண்டுகளைக் கேட்டு வாங்கி, கோத்து, தன் வாழ்க்கையைச் சொல்லியிருக்கிறார். தொடக்கத்தில் பரந்த வானத்தில் மின்னல் அடிக்கிறது, கமராவுக்குப் பின்னாலிருந்து அவர் தும்முகிறார், வானமே குலுங்குகிறது. எல்லோரும் சிரித்தோம். பிறகு நைஜீரியாவின் கானோ நகரில் ஒரு பிரசவ விடுதி. பிறந்த குழந்தை மூச்செடுக்கத் திணறுகிறது. மருத்துவமாது தன்னாலானதைச் செய்கிறார். வேண்டிய ஒட்சிசன் அங்கே இல்லை. கமரா அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. எங்களில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். யுத்தகாலத்தில் இங்கே பயிற்சி வைத்தியராக இருந்தவருக்கு அந்த அறை எந்த நாட்டிலிருந்தாலும் ஒன்றுதான். திரும்பி வந்து கோபமாகக் கேட்டார், அந்தப் பெண் கமராவைக் கீழே வைத்துவிட்டு ஏதாவது செய்திருக்கக்கூடாதா என்று. எங்கள் தோழி நெடுநேரம் பேசவில்லை. "என்ன செய்திருப்பா? நீ அந்த இடத்தில நிண்டால் உனக்குக் கை இருக்கு. எங்களுக்கு அந்தப் பெட்டி மட்டும்தான் இருக்கு" என்றாள். இந்த வாதம் எங்களுக்குள் இன்னும் முடியவில்லை.

இந்தத் தொழிலில் உயிர் போனவர்களும் இருக்கிறார்கள். 1993 ஒக்ரோபரில் மொஸ்கோ தொலைக்காட்சி நிலையத்துக்கு வெளியே சுயாதீனக் கமராக்காரர் ரோரி பெக் சுட்டுக் கொல்லப்பட்டார். சுயாதீனமாக வேலை செய்பவர் இறந்தால் குடும்பத்துக்குப் பொறுப்புச் சொல்ல ஒருவரும் இல்லை என்பது அப்போது எல்லோருக்கும் உறைத்தது. 1995 இல் அவருடைய பெயரில் தொடங்கிய நிதியம் இன்றும் இப்படியானவர்களுக்கு உதவுகிறது. 2011 ஏப்ரலில் லிபியாவின் மிஸ்ராத்தா நகரில் ரிம் ஹெதரிங்டன் காலில் காயப்பட்டு, இரத்தம் போய் இறந்தார். பக்கத்தில் நின்ற ஒருவருக்கு இரத்தப்போக்கை நிறுத்தத் தெரிந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று அறிந்த அவருடைய நண்பர் செபஸ்ரியன் ஜங்கர், சுயாதீன ஊடகவியலாளருக்கு இலவச முதலுதவிப் பயிற்சி தொடங்கினார். எங்கள் தோழி யுத்த களங்களுக்குப் போவதில்லை. ஒன்று பார்த்தது போதும் என்கிறாள். ஆனாலும் முதலுதவி எங்களிடம் கேட்டுப் படித்தாள். கமராப் பையின் வெளிப்பையில் காயக்கட்டுத்துணி வைத்திருக்கிறாள்.

மாணவிகள் அனுப்பிய கேள்விகளை அதிபர் எங்களிடம் தந்தார். அதிகமானோர் கேட்டது, இதற்கு உயர்தரத்தில் என்ன பாடம் எடுக்கவேண்டும் என்பது. அவளிடமே கேட்டு எழுதிவந்தோம். பௌதிகத்தில் ஒளியியல் உதவும், ஆனால் கலைப் பிரிவில் படித்தவர்களும் இருக்கிறார்கள். கமரா வாங்கக் கடன்படாதே. முதலில் யாருடையதையாவது சுமந்து பழகு. கணக்கு எழுதப் பழகு. எந்த நாளுக்கு என்ன தொகை என்று கேட்கும்போது குரல் நடுங்கக்கூடாது. இன்னொரு மாணவி, வீட்டில் விடுவார்களா என்று கேட்டிருந்தாள். அதற்கு அவள் பதில் அனுப்பவில்லை. தன்னுடைய அம்மா இன்றுவரை அயலவர்களிடம் மகள் 'ரீவியில் வேலை' என்றுதான் சொல்கிறார் என்று மட்டும் எழுதியிருந்தாள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சத்திர சிகிச்சைக்குத் திகதி கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம். ஸ்கொட்லாந்தில் எல்லாம் முக்காலியில் வைத்துத்தான் எடுக்கிறேன், கையில் தூக்கவில்லை என்று நேற்றிரவு செய்தி அனுப்பினாள். நாங்கள் நம்பவில்லை. சிகிச்சைக்குப் பின் ஆறு கிழமைக்குக் கை கட்டியபடி இருக்கவேண்டும். பாரம் தூக்க மூன்று மாதமாவது ஆகும். தனியே இருக்கிறாள். தலை இழுக்க, சமைக்க, இயன்மருத்துவத்துக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். எங்கள் வகுப்பு முறை போட்டிருக்கிறது. அந்த மூன்று மாதத்து வீட்டு வாடகைக்கும் ஒரு வழி செய்திருக்கிறோம், அது அவளுக்கு இன்னும் தெரியாது. லண்டனில் இருப்பவர்களில் முதல் இரண்டு கிழமைக்கும் ஐந்தாம் ஆறாம் கிழமைக்கும் ஆள் இருக்கிறது. மூன்றாம் நான்காம் கிழமைதான் காலியாக இருக்கிறது. லண்டன் கிளையிலிருந்து வந்திருக்கும் அக்காமார், தங்கைமார் தேநீர் இடைவேளையில் எங்களிடம் பெயரைத் தாருங்கள். பென்சிலால் அல்ல, பேனையால் எழுதிக்கொள்கிறோம்.